கடல் நடுவே கோடு... கரையில்தான் கேள்வி!

ரோஷ் ஹார்பரில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பும் பாய்மரப் படகு, காற்று ஒத்துழைத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சிட்னி போய்ச் சேர்ந்துவிடும். ரோஷ் ஹார்பர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சான் ஹுவான் தீவின் வடக்கு முனையில் இருக்கிறது. சிட்னி என்றதும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட வேண்டாம். இது கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள சின்னக் கடற்கரை ஊர். இரண்டுக்கும் நடுவே ஹாரோ நீரிணை. அந்த நீரிணையின் நடுவில்தான் உலகின் மிக நீளமான நாட்டெல்லைகளில் ஒன்று ஓடுகிறது.

ஓடுகிறது என்று காகிதம் சொல்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மிதவை இல்லை, பலகை இல்லை, கம்பி இல்லை. சரக்குக் கப்பல் ஒன்று வான்கூவர் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். சீல் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கும். படகின் திரையில் மட்டும் ஒரு புள்ளிக்கோடு மெல்ல நகர்ந்து வந்து, நம் அடையாளத்துக்குக் கீழே புகுந்து, பின்னால் போய்விடும். அவ்வளவுதான் எல்லை.

எல்லை தாண்டியதை முதலில் சொல்வது கடல் வரைபடத்தில் இருக்கும் எண்கள். அமெரிக்காவின் பாரம்பரியக் காகித வரைபடங்கள் ஆழத்தை அடியிலும் பாகத்திலும் சொல்லும். ராமேஸ்வரம், தூத்துக்குடி மீனவர்கள் இன்றும் பேசும் அதே பாகம்தான். ஒரு பாகம் ஆறு அடி. கனடிய வரைபடங்கள் மீட்டரில் சொல்லும். அமெரிக்க வரைபடத்தில் '6' என்று இருந்தால் அது ஆறு அடியா, ஆறு பாகமா என்று ஓரத்தில் இருக்கும் குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கனடிய வரைபடத்தில் அதே '6' கிட்டத்தட்ட 20 அடி. இதோடு முடியவில்லை. எந்த நீர்மட்டத்திலிருந்து ஆழத்தை அளப்பது என்பதிலும் இரண்டு நாடுகளுக்கும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கா தினசரி வரும் தாழ்ந்த வற்றுகளின் சராசரியை எடுத்துக்கொள்கிறது. கனடா அதைவிடவும் கீழே, பெரிய வற்றின்போது நீர் இறங்கும் மட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரே பாறை, கனடிய வரைபடத்தில் கொஞ்சம் மேலே நிற்கும். அமெரிக்க வரைபடத்தில் கொஞ்சம் கீழே போய்விடும். பாறைக்கு இந்த விவகாரம் தெரியாது.

கப்பல்களை வழிநடத்தும் வேலையில் மட்டும் இந்த இரண்டு நாடுகளும் கோட்டை மறந்துவிட்டன. 1979 முதல் கூட்டு ஏற்பாடு ஒன்று நடப்பில் இருக்கிறது. ஹாரோ நீரிணையில் அமெரிக்கப் பக்கம் போகும் கப்பலுக்கும் வழி சொல்வது கனடாவின் 'விக்டோரியா டிராஃபிக்' நிலையம், வி.எச்.எஃப் வானொலியில் 11ஆம் அலைவரிசை. அந்தப் பக்கம் ஹுவான் டே ஃபூகா நீரிணையில் கனடியப் பகுதியில் வரும் கப்பலையும் கவனிப்பது அமெரிக்காவின் 'சியாட்டில் டிராஃபிக்'. நீரோட்டமும் மூடுபனியும் கடவுச்சீட்டு பார்த்து வருவதில்லை என்பதை இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டதற்கு இது அத்தாட்சி. மனிதர்கள் விஷயத்தில் அந்தத் தாராளம் கிடையாது.

தொட்டால்தான் வந்ததாகக் கணக்கு

விமான நிலையத்தில் எல்லை நம்மை நிறுத்துகிறது. சொந்தப் படகில் வருகிறவர், எல்லை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் போய், 'வந்துவிட்டேன்' என்று தானே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு யாரும் கேட்காமல் போகலாம். மாட்டினால் விலை பெரிது. அமெரிக்காவில் வருகையை அறிவிக்காத படகுத் தலைவருக்கு முதல் முறை 5,000 டாலர், அடுத்த ஒவ்வொரு முறையும் 10,000 டாலர் அபராதம்; படகையே பறிமுதல் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. தேசமே ஒரு தனிமனிதரின் நேர்மையை நம்பிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கூடவே கையில் தடியும் வைத்திருக்கிற ஏற்பாடு இது.

கனடாவுக்குள் நுழையும் முறை பார்க்க ரொம்ப எளிது. சிட்னி, விக்டோரியா, நனைமோ, தென் பெண்டர் தீவின் பெட்வெல் ஹார்பர் என்று அரசு குறித்து வைத்திருக்கும் துறைகளில் ஒன்றுக்கு நேராகப் போக வேண்டும். வழியில் அழகான தீவு இருக்கிறதே என்று இறங்கிவிடக் கூடாது. துறையில் கட்டியதும் படகுத் தலைவர் ஒருவர் மட்டும் இறங்கித் தொலைபேசியில் சுங்கத்துறையை அழைப்பார். மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். ஜெட்டியில் கால் வைத்தால் அது நுழைவு. எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர், பிறந்த தேதி, எத்தனை நாள், மது, புகையிலை, துப்பாக்கி, செல்லப்பிராணி, 10,000 டாலரோ அதற்கு மேலோ ரொக்கம் என்று கேள்விகள் வரும். திருப்தியானால் ஓர் எண்ணைத் தருவார்கள். அதைக் குறிப்பேட்டில் எழுதி, ஜெட்டியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி படகின் சன்னலிலும் ஒட்ட வேண்டும். திருப்தி இல்லையென்றால் அதிகாரிகள் நேரில் வருவார்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

உலகின் பெரும்பாலான துறைமுகங்களில் இதற்கு ஒரு மஞ்சள் கொடியும் உண்டு. சர்வதேச சைகைக் குறியீட்டில் 'க்யூ' எழுத்துக்குரிய கொடி. 'என் படகில் நோயில்லை, கரை சேர அனுமதி கேட்கிறேன்' என்று அதற்கு அர்த்தம். ஒரு காலத்தில் காலராவுக்கும் பிளேக்குக்கும் அஞ்சிய துறைமுகங்களின் மிச்சம் அது. அனுமதி கிடைத்ததும் மஞ்சளை இறக்கிவிட்டு, விருந்தாளியாக வந்த நாட்டின் கொடியை மரியாதைக்கு ஏற்றுவார்கள். ஹாரோ நீரிணைப் பக்கம் தொலைபேசி வந்த பிறகு பலர் மஞ்சள் கொடியைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை.

அமெரிக்கப் பக்கம் இப்போது 'ரோம்' என்ற செயலி வந்துவிட்டது. கைப்பேசியில் விவரங்களை நிரப்பி அனுப்பினால், தேவைப்படும்போது அதிகாரி வீடியோ அழைப்பில் வந்து முகம் பார்க்கிறார். 30 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுக்கு வருடாந்தரக் கட்டண வில்லை தனியாக வாங்க வேண்டும். இரு நாடுகளும் முன்கூட்டியே விசாரித்துத் தரும் 'நெக்சஸ்' அட்டை படகில் உள்ள எல்லோரிடமும் இருந்தால், கனடாவுக்குள் வர நான்கு மணி நேரத்திலிருந்து அரை மணி நேரம் முன்பு வரை அழைத்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. ஒருவரிடம் இல்லாவிட்டாலும் படகு முழுக்கப் பழைய முறைக்குத்தான் போக வேண்டும். வார இறுதிக்கு நண்பரைக் கூட்டிவந்தவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கரையைத் தொடாமல் சும்மா கோட்டைத் தாண்டி மீன் பிடித்துவிட்டுத் திரும்பினால்? இதற்குக் கனடாவின் கிழக்கே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2011இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர் ஒருவரின் படகு மிதந்து கனடாப் பக்கம் போய்விட்டது. அவர் நங்கூரமும் போடவில்லை, இறங்கவும் இல்லை. அதிகாரிகள் படகைப் பிடித்துக்கொண்டார்கள். 1,000 டாலர் கட்டிய பிறகுதான் விட்டார்கள். எல்லை ஊர்களில் இது பெரிய சலசலப்பைக் கிளப்பியது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் அல்லவா? 2017 டிசம்பரில் கனடா சட்டத்தைத் திருத்தியது. கரை இறங்காமல், நங்கூரம் போடாமல், இன்னொரு படகோடு ஒட்டாமல் வந்து போகிறவர்கள் இப்போது அறிவிக்க வேண்டியதில்லை. தொட்டால்தான் வந்ததாகக் கணக்கு.

கறிவேப்பிலைக்கு விசா இல்லை

ஒரு கோடையில், வான்கூவர் தீவில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் விசைப்படகில் நானும் சிட்னியிலிருந்து ரோஷ் ஹார்பருக்குப் போனேன். கூடவே, யாழ்ப்பாணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த அவருடைய மாமியார். இலங்கைக் கடவுச்சீட்டில் கனடா விசாவும் அமெரிக்க விசாவும் இருந்தன. மடியில் ஒரு துணிப்பை. அன்றைக்கு நீரிணை எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது.

நடுவில் நண்பர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டு, திரையைக் காட்டினார். "மாமி, இப்ப நாங்கள் அமெரிக்காவுக்குள்ள வந்திட்டம்."

அவர் திரையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். முன்னால், பின்னால், திரும்பவும் முன்னால். "ஒண்டும் தெரியேல்லையே தம்பி. அவையள் எங்க நிக்கினம்?"

அவையள் ரோஷ் ஹார்பரில் நின்றார்கள். செயலியில் விவரம் போனதும், இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகள் இருப்பதால் நேரில் வரச் சொன்னார்கள். சுங்க ஜெட்டியில் அதிகாரி ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். கடவுச்சீட்டுகளைப் பார்த்து, விரல் ரேகை எடுத்து, கடைசியில் சாப்பாட்டுச் சாமான் பற்றிக் கேட்டார். துணிப்பையிலிருந்து ஊறுகாய் வந்தது, முறுக்கு வந்தது, ஈரத் துணியில் சுற்றிய கறிவேப்பிலைக் கொத்து வந்தது. ஊறுகாயையும் முறுக்கையும் விட்டுவிட்டார். கறிவேப்பிலையைக் கையுறை போட்ட கையால் எடுத்து ஒரு பையில் போட்டு மூடினார். மாமியாரின் முகத்தைப் பார்த்து, இது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, இதில் ஒரு பூச்சி வரும், அது ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவிடும் என்று விளக்கவும் செய்தார். நண்பர் தமிழில் சொன்னதும் அவர் கேட்டார்: "இந்தப் பனியில ஆரஞ்சு எங்க காய்க்குது?"

கேள்வி நியாயமானது. ஆனால் அதிகாரி சொன்னதும் உண்மை. ஆசிய சிட்ரஸ் சாறுண்ணிப் பூச்சிக்குக் கறிவேப்பிலை பிடித்த இடம். அது பரப்பும் பச்சையாதல் நோய் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை வீழ்த்திவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் ஆரஞ்சு இல்லாவிட்டாலும் சட்டம் நாடு முழுமைக்கும்தான். ஒரு தேசத்தின் பயத்தை அறிய அதன் சுங்கப் பட்டியலைப் படிக்கலாம். கனடாவுக்குள் விறகுக் கட்டையைக் கொண்டுபோக முடியாது. மரம் துளைக்கும் பூச்சிக்குப் பயம். கைத்துப்பாக்கியையும் மனிதர்கள் மேல் அடிக்கும் மிளகுத் தெளிப்பானையும் கொண்டுபோக முடியாது. அலாஸ்காவுக்குப் போகும் அமெரிக்கப் படகுக்காரர்கள் கரடிக்குப் பயந்து வைத்திருக்கும் நீளத் துப்பாக்கிக்குப் படிவம் நிரப்பிக் கட்டணம் கட்ட வேண்டும். சொல்லாமல் வைத்திருந்து மாட்டுகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

விசித்திரத்தின் உச்சம் கஞ்சா. வாஷிங்டனில் 2012 வாக்கெடுப்புக்குப் பிறகு மாநிலச் சட்டப்படி தடையில்லை, கடைகளில் விற்கிறார்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுக்கச் சட்டபூர்வம். இரண்டு கரையிலும் குற்றமில்லாத பொருள், நடுவில் உள்ள கோட்டைத் தாண்டும் அந்தக் கணத்தில் இரண்டு நாடுகளிலும் குற்றம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. விசா விலக்குப் பெற்ற ஐரோப்பியர் ஒருவர் விமானத்தில் சியாட்டில் வந்தால் இணையவழி அனுமதி போதும். அதே மனிதர் தன் சொந்தப் பாய்மரப் படகில் வந்தால் முறையான விசா வேண்டும். விமான நிறுவனம் பயணியைத் திருப்பி அனுப்பப் பொறுப்பேற்கிறது, படகுக்கு அப்படி யாரும் இல்லை என்பது இதன் பின்னால் உள்ள கணக்கு. நமக்கு இந்தக் கவலை இல்லை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு எந்த வழியில் போனாலும் விசா வேண்டும்!

ஒரு பன்றி, இரண்டு பேரரசுகள்

இந்தக் கோடு இங்கே வந்த கதையைச் சொல்லாவிட்டால் சான் ஹுவான்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1846 ஜூன் 15இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன. 49ஆம் அட்சக்கோடு வழியே வந்து, கண்டத்தையும் வான்கூவர் தீவையும் பிரிக்கும் கால்வாயின் நடுவே எல்லை போகும் என்று எழுதினார்கள். கால்வாய் ஒன்றல்ல, இரண்டு: மேற்கே ஹாரோ, கிழக்கே ரொசாரியோ. நடுவில் சான் ஹுவான் தீவுகள். யாருடையவை? எழுதியவர்களுக்குத் தெரியாது.

தெளிவில்லாத வரப்பில் முதலில் கால்நடைதான் தாண்டும். 1853இல் பிரிட்டிஷ் வணிக நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனி சான் ஹுவான் தீவில் 1,369 ஆடுகளை இறக்கிப் பண்ணை வைத்தது. அமெரிக்கக் குடியேறிகளும் வந்து உருளைக்கிழங்கு போட்டார்கள். 1859 ஜூன் 15, ஒப்பந்தம் கையெழுத்தாகி சரியாக 13 ஆண்டு. லைமன் கட்லர் என்ற அமெரிக்கர் தன் கிழங்குப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்த கம்பெனிப் பன்றியைச் சுட்டுவிட்டார். நஷ்ட ஈட்டில் பேச்சு முறிந்தது. அமெரிக்க ஜெனரல் ஹார்னி, கேப்டன் ஜார்ஜ் பிக்கெட் தலைமையில் 66 வீரர்களை அனுப்பினார். பிரிட்டிஷ் கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸ் போர்க்கப்பல்களை அனுப்பினார். ஆகஸ்ட் முடிவதற்குள் தீவில் 461 அமெரிக்க வீரர்கள். எதிரே கடலில் ஐந்து பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களும். இறங்கி அடி என்று டக்ளஸ் சொன்னபோது, அட்மிரல் பெயின்ஸ் முடியாது என்று மறுத்துவிட்டார். பன்றிக்காகப் போர் செய்ய அவர் தயாராக இல்லை. வரலாற்றில் கட்டளையை மீறிய அதிகாரிகளுக்குச் சிலை வைப்பது அபூர்வம், இவருக்கு வைக்கலாம்.

அப்புறம் 12 ஆண்டுகள் இரு படைகளும் ஒரே தீவின் இரண்டு முனைகளில் முகாம் போட்டு, திருவிழாவுக்குப் போய்வந்து, ஒற்றுமையாக இருந்தன. 1872 அக்டோபர் 21இல் நடுவராக இருந்த ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம், ஹாரோதான் எல்லை என்று தீர்ப்புச் சொன்னார். செத்தது ஒரே ஒரு பன்றி.

கோடு நிலைத்ததும் அதை வைத்துப் பிழைப்பவர்களும் வந்தார்கள். முதலில் கம்பளி கடத்தினார்கள். 1882க்குப் பிறகு அமெரிக்கா தடுத்த சீனத் தொழிலாளர்களை இரவில் ஏற்றி வந்தார்கள். மதுவிலக்குக் காலத்தில் விஸ்கி. சியாட்டில் காவல்துறையில் லெப்டினென்டாக இருந்த ராய் ஓல்ம்ஸ்டெட், கடத்தலில் மாட்டி வேலை போனதும் அதையே முழுநேரத் தொழிலாக்கினார். கனடாப் பக்கத்துச் சிறு தீவுகளில் சரக்கை இறக்கி வைத்து, வேகப் படகுகளில் ஹாரோவைத் தாண்டினார். அவரைப் பிடிக்க அரசு தொலைபேசியை ஒட்டுக்கேட்டது. அது சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1928இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் தோற்றார். அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே 1967இல் தலைகீழாக்கியது. அமெரிக்கர்களின் அந்தரங்க உரிமை பற்றிய சட்டப் பாடம் இந்த நீரிணையில் ஓடிய சாராயப் படகுகளிலிருந்து தொடங்குகிறது.

பன்றிக்கும் முந்தியவர்கள் கோஸ்ட் சேலிஷ் மக்கள். சால்மன் வரும் பருவத்தில் இந்தத் தீவுகளுக்கு நடுவே வலை கட்டியவர்கள். அவர்களின் குடும்பங்களைத்தான் கோடு குறுக்கே அறுத்தது. 1794இல் போட்ட ஜே ஒப்பந்தத்தில் பூர்வகுடிகள் எல்லையை இஷ்டம்போல் கடக்கலாம் என்று இருக்கிறது. அமெரிக்கா அதை நிபந்தனையோடு மதிக்கிறது, கனடா ஏற்பதில்லை. 1989 முதல் இவர்கள் பழைய தோணிப் பயணத்தை மீண்டும் தொடங்கி, கோடைகளில் ஊர் ஊராகத் துடுப்புப் போட்டுப் போகிறார்கள். எந்தக் கரைக்கு வந்தாலும் நேராக இறங்குவதில்லை. தோணிகளை நீரில் நிறுத்தி, நாங்கள் இன்னார், இன்ன இடத்திலிருந்து வருகிறோம், சமாதானமாக வருகிறோம், கரையேற அனுமதி வேண்டும் என்று உரக்கக் கேட்கிறார்கள். கரையில் நிற்கும் தலைவர் வரவேற்ற பிறகுதான் இறங்குகிறார்கள். தொலைபேசிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுங்க அதிகாரி கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விகள். சாப்பாடு போடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

492 பேர் வந்த நாள்

சிட்னியிலிருந்து தரைவழியே சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே எஸ்குவிமால்ட். கனடாக் கடற்படையின் மேற்குத் தளம். 2010 ஆகஸ்ட் 13இல் அங்கே எம்.வி. சன் சீ என்ற பழைய சரக்குக் கப்பலைக் கடற்படை கூட்டிவந்து கட்டியது. உள்ளே 492 ஈழத்தமிழர்கள்: 380 ஆண்கள், 63 பெண்கள், 49 சிறார்கள். தாய்லாந்துப் பக்கமிருந்து பசிபிக்கைத் தாண்டி வந்தவர்கள். வழியில் ஒருவர் இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், ஓஷன் லேடி என்ற கப்பலில் 76 ஆண்கள் விக்டோரியாவுக்கு வந்திருந்தார்கள்.

அவர்களும் கேட்டது கரையேற அனுமதிதான். ஒளிந்து வரவில்லை, அகதிகள் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். தொலைபேசி எண், ஒட்டும் வில்லை, சிரிக்கும் அதிகாரி எதுவும் அவர்களுக்கு இல்லை. பேருந்துகளில் ஏற்றிச் சிறைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஆண்கள் பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். குழந்தைகளும் தாய்மாரும் சிறார் காவல் மையத்தில். புலிகள் வந்திருக்கிறார்கள், ஆள் கடத்தல் என்று அமைச்சர்கள் பேசினார்கள். கப்பலைத் திருப்பி அனுப்பு என்று வானொலி நேயர்கள் பேசினார்கள். 2012இல் சட்டமே மாறியது. அரசு 'ஒழுங்கற்ற வருகை' என்று முத்திரை குத்தும் குழுவில் வந்தவர்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்குக் கட்டாயக் காவல். அகதி என்று ஏற்ற பிறகும் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து ஆண்டு தடை.

2015 நவம்பர் 27இல் கனடா உச்ச நீதிமன்றம் இந்தக் கப்பல்களில் வந்தவர்கள் தொடர்பான வழக்குகளில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. தப்பி ஓடும் அகதிகள் ஒருவருக்கொருவர் உதவுவதும், லாபம் கருதாமல் கைகொடுப்பதும் ஆள் கடத்தல் ஆகாது. கப்பலில் சமைத்தவரையும், முறைபோட்டுக் காவல் நின்றவரையும், இயந்திர அறையில் கைகொடுத்தவரையும் கடத்தல்காரர்கள் பட்டியலில் வைத்திருந்த வாதம் அதோடு விழுந்தது.

நீரிணை ஒன்று, கோடு ஒன்று, கேட்ட கேள்வியும் ஒன்று. விடுமுறைக்கு வரும் 40 அடிப் படகுக்குக் கோடு நூலாக இருக்கிறது. சன் சீக்கு அது மதிலாக எழுந்தது. கடல் எல்லையை அவரவர் நேர்மையை நம்பி நடத்துகிறோம் என்று பெருமை பேசும் நாடுகள், யாருடைய சொல்லை நம்புவது என்பதைக் கடவுச்சீட்டைப் பார்த்து முடிவு செய்கின்றன என்பது என் கருத்து. இதைப் படிக்கும்போது பாக் நீரிணை நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் அங்கே நடப்பது பிழைப்பு, இழுவைமடி, இரு கரை மீனவர்களின் வயிறு. உல்லாசப் படகோடு அதை ஒப்பிடுவது மலிவு. ஒன்று மட்டும் சொல்லலாம்: இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, கச்சத்தீவுக்குப் போகும் இந்திய மீனவர்களும் யாத்ரிகர்களும் இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ பெறத் தேவையில்லை என்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுகள் இன்றும் அப்படித்தான் போகின்றன.

அதுவரை கோட்டின் கனத்தை உணராதிருந்த உல்லாசப் படகுக்காரர்கள் 2020இல் உணர்ந்தார்கள். கொரோனாவுக்காக மார்ச் 21 முதல் அவசியமற்ற பயணத்துக்கு எல்லை மூடப்பட்டது. தனிமைப்படுத்தல் சட்டத்தை மீறினால் கனடாவில் 7,50,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அலாஸ்காவுக்குப் போகும் அமெரிக்கப் படகுகள் நிற்காமல் கடந்து போகலாம் என்று ஒரு சந்து இருந்தது. சந்தில் நுழைந்தவர்கள் சிலர் அலாஸ்காவை மறந்து கனடாத் தீவுகளில் நங்கூரம் போட்டார்கள். இருக்குமிடம் தெரியாமலிருக்க ஏஐஎஸ் கருவியை அணைத்துவிட்டு வருகிறார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் புகார் செய்தார்கள். 49ஆம் அட்சக்கோட்டின் புண்ணியத்தில் கனடாவிலிருந்து தொங்கும் அமெரிக்கத் துண்டு நிலமான பாயிண்ட் ராபர்ட்ஸ் நிலைமை இன்னும் மோசம். தரைவழியே சொந்த நாட்டுக்குப் போக வேண்டுமானால் கனடாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். ஆகஸ்டில் அங்கிருப்பவர்களுக்காகவே வாஷிங்டன் கரையின் பெல்லிங்ஹாமுக்கு அவசரப் படகுச் சேவை விட்டார்கள். தடுப்பூசி போட்ட அமெரிக்கர்களுக்குக் கனடா 2021 ஆகஸ்ட் 9இல் கதவைத் திறந்தது. அமெரிக்கா தரை, படகு வழிகளைத் திறக்க நவம்பர் 8 ஆனது. வாஷிங்டனின் அனகார்ட்டிஸிலிருந்து சிட்னிக்கு ஓடிய பயணிகள் கப்பல் 2020இல் நின்றது, திரும்ப வரவில்லை. ஆகவே அந்த வழியில் போக விரும்புகிறவருக்கு இன்று சொந்தப் படகு வேண்டும், அல்லது படகு வைத்திருக்கும் நண்பர் வேண்டும்.

அப்படி ஒரு நண்பர் கிடைத்து, உறவினர்களோடு போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். போகும் நாட்டு விசா மட்டுமல்ல, திரும்பி நுழையும் நாட்டின் அனுமதியும் கையில் இருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். அமெரிக்கப் படகானால், கனடாத் துறைக்குப் போக வானொலிக்கும் அதை இயக்குபவருக்கும் உரிமம் வேண்டும். உள்ளூரில் ஓட்டும்போது தேவைப்படாததால் பலருக்கு இது தெரியாது. பெட்வெல் ஹார்பரின் சுங்கத்துறை கோடையில் மட்டும்தான் இயங்கும். மற்ற மாதங்களில் அங்கே கட்டிப் பயனில்லை. சிட்னிவரை ஓட்டியாக வேண்டும். அதுவரை வழியில் எந்தத் தீவிலும் யாரும் இறங்கக் கூடாது. காலையிலிருந்து படகில் அடைபட்டுக் கரையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும் நாய்க்கும் இதே விதிதான். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழும் கூடவே இருக்க வேண்டும்.